வெர்னாவின் பஸ் ஊருக்குக் கரண்ட் கொடுத்த கதை

எங்கள் டட்லி ஃபால்ஸ் ஊரில் நாற்பது வயதுக்குக் கீழே இருக்கிற யாரும் வெர்னா டூசெட் முன்னால் நின்றுகொண்டு பேசமாட்டார்கள். பள்ளிக்கூட பஸ்ஸில் எழுந்து நின்றால் என்ன நடக்கும் என்று ஆறு வயதில் கற்றுக்கொண்டதை உடம்பு மறப்பதில்லை. மளிகைக் கடைக்குள் வெர்னா நுழைந்தால், கவுண்டரில் சாய்ந்து கதையடித்துக்கொண்டிருக்கும் ஆஜானுபாகுவான ஆட்கள் எல்லாம் சட்டென்று எதன் மேலாவது உட்கார்ந்துவிடுவார்கள். ஒருமுறை போலீஸ் அதிகாரியான எங்கள் ஷெரிஃப் உருளைக்கிழங்கு மூட்டையின் மேல் உட்கார்ந்ததை நானே பார்த்திருக்கிறேன். அவருக்குக் கீழே இரண்டு கிழங்கு நசுங்கியது. கடைக்காரர் வாயைத் திறக்கவில்லை, அவரும் உட்கார்ந்திருந்தார்.

நான் அவள் பஸ்ஸில் போனவன் இல்லை. அவளைவிட மூத்தவன். பெயர் ஹார்லன். மரம் அறுக்கும் ரம்பம், பனி தள்ளும் இயந்திரம், புல்வெட்டி என்று பெட்ரோல் குடிக்கிற எதுவும் கெட்டுப்போனால் என் கொட்டகைக்குத்தான் வரும். பெட்ரோல் குடிக்காத இயந்திரத்தை நான் இயந்திரமாக மதிப்பதில்லை. ஆகவே எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்த பேட்டரி பஸ்ஸைப் பற்றி நான் சொல்வதைக் கொஞ்சம் கழித்துக்கொண்டு கேளுங்கள்.

அந்த பஸ் வந்தபோது வெர்னாவும் என் கட்சிதான். இருபத்தெட்டு வருடம் டீசல் பஸ் ஓட்டியவள். புது வண்டியைச் சுற்றி வந்து டயரை உதைத்துப் பார்த்துவிட்டு, "இது என்ன, ஃபிரிட்ஜுக்கு நாலு சக்கரம் வச்ச மாதிரி இருக்கு" என்றாள். முதல் வாரம் முழுக்க அந்த வண்டியோடு அவள் பேசவில்லை. பழைய வண்டியோடு பேசுவாளா என்று கேட்காதீர்கள். பேசுவாள், திட்டுவாள், மேட்டில் ஏறும்போது கெஞ்சவும் செய்வாள்.

அப்புறம் ஒரு காலை நேரத்தில் அவளுடைய மனம் மாறியது. டீசல் வண்டியின் இரைச்சலில் மூன்றாவது வரிசைக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று ஓட்டுகிறவளுக்குக் கேட்காது. இந்த வண்டியிலோ கடைசி சீட்டில் ஒருவன் சூயிங்கம் பிரித்தால்கூடக் கேட்டது. யார் யாருக்கு என்ன பட்டப்பெயர், எந்த வாத்தியாருக்கு என்ன பெயர், தனக்கே என்ன பெயர் என்று எல்லாம் அவளுக்கு ஒரே வாரத்தில் தெரிந்துபோனது. பிள்ளைகள் நடுங்கிப்போனார்கள். வெர்னாவுக்குக் கொண்டாட்டம். ஆனால் இன்னொன்றும் கேட்டது. புதிதாகச் சேர்ந்த ஒரு சின்னப் பையன் பின்னால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, அழுகையை அடக்கி அடக்கி விசும்பிக்கொண்டே வந்தான். அன்று சாயங்காலம் என் கொட்டகையில் வந்து உட்கார்ந்தாள். "இத்தன வருஷமா எத்தன பேரு பின்னாடி இப்படி அழுதுட்டு வந்தாங்களோ ஹார்லன், எனக்குக் கேக்கவே இல்ல" என்றாள். அதன் பிறகு அந்த வண்டியை அவளிடமிருந்து பிரிக்க நினைப்பவன் கையில் துப்பாக்கியோடு வந்தாலும் போதாது என்று ஆகிவிட்டது.

பிரிக்கும் பேச்சும் வந்தது. வண்டி சும்மா வரவில்லை, ஒரு நிபந்தனையோடு வந்திருந்தது. கோடை விடுமுறையில் பள்ளிக்கூட பஸ்ஸுக்கு வேலை இல்லை. அதே கோடையில்தான் வெயில் கொளுத்துகிற சாயங்காலங்களில் எல்லோரும் ஒரே நேரத்தில் ஏசியைப் போட, மின்சாரக் கம்பெனிக்கு மூச்சு முட்டுகிறது. அப்போது கம்பெனி கூப்பிட்டால், பஸ் தன் பேட்டரியில் இருப்பதை, சார்ஜ் ஏற்றுகிற அதே ஒயர் வழியாக ஊர்க் கம்பிக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கோரி என்கிற பள்ளி நிர்வாகி இதைக் கூட்டத்தில் விளக்கியபோது, கறந்த பாலை மாட்டுக்கே திரும்பப் புகட்டுகிற கதையாக இருக்கிறதே என்று நான் கேட்டேன். ஏறக்குறைய அப்படித்தான் என்றான் கோரி. முதல் தடவை கூப்பிடும்போதே பஸ் சொதப்பினால், பக்கத்து ஊரான பிராக்கெட்டுக்கு அதைக் கொடுத்துவிடுவார்கள்.

பிராக்கெட்டுக்கு என்றால் மெர்ட்டன் பெல்கிக்கு. அவன் அந்த ஊர் பஸ் டிரைவர். வருடா வருடம் மாவட்டத்தில் பஸ் டிரைவர்களுக்குப் போட்டி நடக்கும். குறுகிய சந்தில், ஓரமாக வைத்த பிளாஸ்டிக் கூம்புகளை இடிக்காமல் வண்டியைப் பின்னால் எடுக்க வேண்டும். ஒரு வருடம் வெர்னா ஜெயித்தால் மறு வருடம் மெர்ட்டன். இருவரும் கைகுலுக்கிக்கொள்வதைப் பார்த்தால் இரண்டு பேர் ஒரே ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி இருக்கும். மெர்ட்டன் ஓட்டுவது துருப்பிடித்த பழைய டீசல். மழை பெய்தால் டிரைவர் சீட்டுக்கு மேலேயே ஒழுகும். பேட்டரி பஸ் வந்த நாளிலிருந்து அவன் ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு எங்கள் ஊர் வழியாகவே போவான். பள்ளிக்கூட வாசலில் வண்டியை மெதுவாக்கி, அந்த பஸ்ஸையே பார்த்துக்கொண்டு போவான். பாவமாகத்தான் இருக்கும், ஆனால் வெர்னாவின் காதில் விழும்படி நான் அதைச் சொன்னதில்லை.

ஜூலையில் வெயில் வந்தது. தார் ரோடு செருப்பில் ஒட்டியது. அப்போதுதான் கம்பெனி கூப்பிட்டது. கோரி வெர்னா வீட்டுக்குப் போய், வாசற்படியில் உட்கார்ந்துகொண்டு விஷயத்தைச் சொன்னான். அவனும் அவள் பஸ்ஸில் போனவன்தான். நானும் அங்கே இருந்தேன், அவளுடைய புல்வெட்டியைத் திருப்பிக் கொடுக்கப் போயிருந்தேன்.

"நாளைக்கு சாயங்காலம் அஞ்சுலேர்ந்து ஏழு வரைக்கும், வெர்னா. பஸ்ஸ ஒயர்ல மாட்டி வச்சாப் போதும். மத்தத அதுவே பாத்துக்கும். நீங்க வரக்கூட வேணாம்."

"ஓட்டுறவ இல்லாம வண்டி வேலை செய்யுமா?"

"வண்டி ஓடாது வெர்னா. நின்னுக்கிட்டேதான்..."

"நின்னாலும் வேலை வேலைதான் கண்ணு. நான் சீட்ல இருப்பேன்."

வெர்னா யாரைக் 'கண்ணு' என்று சொன்னாலும், அதோடு பேச்சு முடிந்தது என்று அர்த்தம். கோரி எழுந்து போய்விட்டான்.

மறுநாள் சேதி ஊர் முழுக்கப் பரவியிருந்தது. எங்கள் ஊரில் ஒருவர் வீட்டுக்கு வெள்ளையடித்தாலே நாலு பேர் நாற்காலியோடு போய்ப் பார்ப்பார்கள். இது பஸ் கரண்ட் கொடுக்கிற விஷயம். சர்ச்சில் நடக்க இருந்த பீன்ஸ் விருந்தைப் பள்ளிக்கூடத்துப் புல்வெளிக்கே மாற்றிவிட்டார்கள். எங்கள் பீன்ஸ் என்பது காய்ந்த அவரைக்கொட்டை, அது அடுப்பில் வேகிறதில்லை. முந்தின நாளே குழி வெட்டி, விறகுத் தணலில் பானையைப் புதைத்து வைத்துவிடுவோம். நாலு மணிக்கே ஊர் மொத்தமும் மடக்கு நாற்காலிகளோடு வந்து உட்கார்ந்துவிட்டது. வீட்டில் ஒரு கிழடுகூட மிச்சமில்லை.

பள்ளிக்கூட முற்றம் சின்னது என்பதால் பஸ்ஸுக்குச் சார்ஜ் ஏற்றுகிற கம்பத்தைச் சாலை ஓரமாகவே நட்டிருந்தார்கள். பஸ் சாலையின் விளிம்பில், மூக்கில் ஒயர் மாட்டியபடி நின்றது. காலையிலேயே கோரி வந்து மாட்டிவிட்டுப் போயிருந்தான். ஐந்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் வெர்னா வந்தாள். தலையில் சர்ச்சுக்குப் போடுகிற தொப்பி. யாரையும் பார்க்காமல், வண்டி எடுக்கும் முன் தினமும் செய்கிற சோதனையை ஆரம்பித்தாள். டயரை உதைத்தாள். விளக்குகளைத் துடைத்தாள். அப்புறம் முன்னால் போய், மூக்கில் இருந்த ஒயரைக் கழற்றி, பக்கவாட்டுக் கண்ணாடிக் கம்பியில் அழகாகச் சுற்றி மாட்டினாள்.

நாங்கள் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். ஒருவருக்கும் ஒன்றும் உறைக்கவில்லை. எங்கள் ஊர்க் குளிரில் டீசல் வண்டி காலையில் கிளம்ப வேண்டுமானால், ராத்திரி முழுக்க இஞ்சினை ஒயர் மாட்டிச் சூடாக வைத்திருக்க வேண்டும். காலையில் டிரைவர் செய்கிற முதல் வேலை அந்த ஒயரைக் கழற்றிக் கண்ணாடியில் சுற்றுவதுதான். ஒரு குளிர்காலத்தில் மெர்ட்டன் கழற்ற மறந்து, பிராக்கெட் பள்ளிக்கூடத்து மரச்சுவரில் பாதியை இழுத்துக்கொண்டு முதல் நிறுத்தம் வரைக்கும் போயிருக்கிறான். வெர்னாவின் கை இருபத்தெட்டு வருடப் பழக்கத்தில் அதைத் தானாகவே செய்துவிட்டது. தூரத்தில் இருந்து பார்த்தால் கம்பத்திலிருந்து பஸ்ஸுக்கு ஒயர் போய்க்கொண்டுதான் இருந்தது. கம்பத்தில் எரிந்த பச்சை விளக்கு சிவப்பாக மாறியது. வேலை கடுமையாக நடக்கிறது போல என்று நாங்கள் பேசிக்கொண்டோம்.

வெர்னா ஏறி, சீட்டில் உட்கார்ந்து, பெல்ட்டை இறுக்கிக்கொண்டாள். ஒரு துளி கரண்ட்டும் வீணாகக் கூடாது என்று ஏசி போடவில்லை. பஸ் சாலை ஓரத்தில் நின்று வேலை செய்கிறது, சுற்றிலும் குழந்தைகள் ஓடுகிறார்கள். ஆகவே சட்டப்படி சிவப்பு விளக்குகளை மினுக்கவிட்டு, பஸ்ஸின் விலாவில் மடங்கியிருக்கும் 'நில்' பலகையையும் வெளியே நீட்டினாள். அந்தப் பலகை நீட்டியிருக்கும்போது எந்தத் திசையிலிருந்து வருகிற வண்டியும் பஸ்ஸைத் தாண்டக் கூடாது. வேறு டிரைவராக இருந்தால் யாராவது ஹாரன் அடித்திருப்பார்கள். வெர்னாவைப் பார்த்து யார் ஹாரன் அடிப்பது? வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற வண்டிகள் இரண்டு பக்கமும் வந்து வந்து நின்றன. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தவர்கள் இஞ்சினை அணைத்துவிட்டு, இறங்கி வந்து பீன்ஸ் வாங்கிக்கொண்டு புல்லில் உட்கார்ந்தார்கள்.

பஸ் கரண்ட் கொடுக்கிற அழகை நாங்கள் ரசித்தோம். பாதிரியார் இரண்டு வார்த்தை ஜெபித்தார். கடைக்காரர் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்து, ஐஸ்கிரீம் பெட்டியின் சத்தமே இப்போது ஆரோக்கியமாக இருக்கிறது என்றார். தபால் நிலையத்து விளக்கு முன்பைவிடப் பளிச்சென்று எரிவதாக ஒரு அம்மாள் சத்தியம் செய்தாள். என் காதிலும் அந்த பஸ்ஸிலிருந்து ஒரு ரீங்காரம் விழுந்தது என்பதை மறைக்க மாட்டேன். எல்லோரும் கைதட்டினோம். உள்ளே வெர்னா வியர்வை கண்ணில் வழிய, இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேரே பார்த்தபடி இருந்தாள்.

அவள் பார்த்த இடத்தில் இருந்தது மெர்ட்டனின் சொந்த லாரி. எதிர்த்திசை வரிசையில் முதல் வண்டி அதுதான், பஸ்ஸுக்கு நேர் எதிரே மூக்கோடு மூக்காக நின்றது. பிராக்கெட் கொட்டகைக்குள் அந்த பஸ் நுழையுமா என்று அளந்து பார்க்க, அளவு நாடாவோடு வந்திருந்தான் ஆசாமி. மற்றவர்கள் மாதிரி அவன் இறங்கவில்லை. சிவப்பு விளக்கு மினுக்கும்போது டிரைவர் வண்டியை விட்டு இறங்கக் கூடாது என்பது அவன் கொள்கை. பாவம் என்று நான்தான் அவனுக்கு ஒரு தட்டு பீன்ஸ் கொண்டுபோனேன்.

அவன் தட்டை வாங்கவில்லை. கண் வேறெங்கோ இருந்தது.

"ஹார்லன், அந்த ஒயர் எங்க தொங்குது?"

"கண்ணாடில."

"கண்ணாடில தொங்கினா என்னய்யா அர்த்தம்?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. மெர்ட்டன் கடிகாரத்தைப் பார்த்தான். இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. அவன் செய்ய வேண்டியதெல்லாம் தட்டை வாங்கி, பீன்ஸைத் தின்றுவிட்டு, வாயை மூடிக்கொண்டு இருப்பதுதான். பஸ் அவனுடையது. வாங்கவும் செய்தான், ஒரு கரண்டி வாயில் போட்டுக்கொண்டான். தும்மல் வந்து மூக்கிலேயே நின்றுபோனவனைப் போல அவன் முகம் கோணிக்கொண்டே போனது. நான் போய்ச் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். நகர்ந்தேன், உண்மையாகவே நகர்ந்தேன். அதற்குள் அவன் தட்டை என் கையில் திணித்துவிட்டு, ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டிக் கத்தினான்.

"ஏ வெர்னா! உன் ஒயர் கண்ணாடில தொங்குது!"

வெர்னா கண்ணாடியைப் பார்த்தாள். அவள் முகம் சிவந்ததை அத்தனை தூரத்திலிருந்தும் பார்க்க முடிந்தது. பெல்ட்டைக் கழற்றி, இறங்கி வந்து, கண்ணாடியிலிருந்து ஒயரை எடுத்து மூக்கில் மாட்டினாள். கம்பத்து விளக்கு பச்சையானது. இப்போதுதான் நிஜமாகவே ஒரு ரீங்காரம் கேட்டது. யாரும் கைதட்டவில்லை. தட்ட வேண்டியதை முன்னாடியே தட்டித் தீர்த்திருந்தோம். அவள் ஏறிப்போய் மறுபடி பெல்ட்டைப் போட்டுக்கொண்டாள். 'நில்' பலகையை மட்டும் உள்ளே இழுக்கவில்லை. அவள் இருந்த இருப்பில் அதை ஞாபகப்படுத்தும் தைரியம் யாருக்கும் வரவில்லை, ஷெரிஃப் உட்பட. அவர் வரிசையில் மூன்றாவது வண்டி.

ஏழு மணிக்குப் பலகை மடங்கியது, வண்டிகள் நகர்ந்தன. வெர்னா கடைசியாக இறங்கினாள். கொடுக்க வேண்டியதில் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் பஸ் கொடுத்திருந்தது. கோரி புல்லைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "போச்சு" என்றாள் வெர்னா. அவள் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை. பெட்ரோல் குடிக்காத ஒரு வண்டிக்காக நான் வருத்தப்படுவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் அடித்திருப்பேன்.

அடுத்த வாரம் பள்ளிக்கூட ஹாலில் கூட்டம். மின்சாரக் கம்பெனியிலிருந்து டெலியா லோவெல் என்ற பெண் வந்திருந்தாள், வெளியூர். அன்றைக்கே பஸ்ஸைப் பார்க்கக் கிளம்பி வந்தவள், வளைவுக்கு அந்தப் பக்கம் மரம் ஏற்றிய ஒரு லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு, என்ன ஏது என்று தெரியாமல் வெயிலில் வெந்திருக்கிறாள். மூக்குத் தோல் இன்னும் உரிந்துகொண்டிருந்தது. பின் வரிசையில் மெர்ட்டனும் இருந்தான், தலைமுடியை எண்ணெய் வைத்துப் படிய வாரிக்கொண்டு.

ஏறக்குறைய முதல் பாதி முழுக்க பஸ் ஒன்றுமே கொடுக்கவில்லை என்று டெலியா திரையில் ஒரு கோடு போட்டுக் காட்டினாள். ஹாலில் ஒரு பெருமூச்சு போனது. அப்புறம் அவள் இன்னொரு கோட்டைக் காட்டினாள். அது எங்கள் ஊர் செலவழித்த மின்சாரம். அந்தச் சாயங்காலம் சுற்றியிருக்கிற எல்லா ஊரிலும் கோடு மேலே ஏறியிருக்க, எங்கள் கோடு மட்டும் கிணற்றில் விழுந்த மாதிரி கீழே போய், ஏழு மணி வரைக்கும் அங்கேயே கிடந்தது. பஸ் கொடுக்க வேண்டியதைப் போல இரண்டு பங்கை நாங்கள் செலவழிக்காமலே மிச்சம் பிடித்திருந்தோம். ஏசி போட வீட்டில் ஆளில்லை. கரண்ட் அடுப்பைப் போடவும் ஆளில்லை. வீட்டுக்குப் போக வேண்டியவர்களெல்லாம் ரோட்டில் நின்றார்கள்.

"நீங்க எல்லாரும் எங்கதான் போனீங்க?" என்று கேட்டாள் டெலியா.

எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். வெர்னா மட்டும் எழுந்தாள்.

"தப்பு என்னோடது. நான் ஒயரக் கழட்டிட்டேன். ரோட்டையும் ரெண்டு மணி நேரம் நிறுத்தி வச்சேன். பஸ்ஸ எடுத்துட்டுப் போறதுன்னா போங்க."

டெலியா உரிந்த மூக்கைத் தடவிக்கொண்டாள். "அடுத்த தடவையும் இதையே செய்ய முடியுமா உங்களால?"

"எத?"

"எல்லாத்தையும். ஒயர மட்டும் மாட்டிருங்க."

பஸ் எங்கள் ஊரிலேயே இருக்கட்டும் என்று அங்கேயே முடிவாகிவிட்டது. ஆளாளுக்குத் தட்டிக்கொடுக்க வந்தார்கள். வெர்னா அவர்களை ஒதுக்கிக்கொண்டு பின் வரிசைக்குப் போனாள். மெர்ட்டன் தொப்பியைத் தேடிக்கொண்டிருந்தான். அவள் பஸ் சாவியை அவன் முன்னால் நீட்டினாள். "ஒரு ரவுண்டு போய்ட்டு வா. சீட்ட மட்டும் பின்னாடி தள்ளாத."

அந்தச் சீட்டில் இன்னொருவர் உட்கார்ந்து ஊரில் யாரும் பார்த்ததில்லை. மெர்ட்டன் முழங்கால் ஸ்டியரிங்கில் இடிக்க இடிக்க, சின்னப் பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டு ஓட்டினான். வெர்னா அவனுக்கு நேர் பின்னால் உட்கார்ந்து, ஒவ்வொரு வளைவிலும் தரையில் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தாள். நான் எதிர்ப்பக்கச் சீட்டில். ஆற்றுப்பாலம் தாண்டினோம். அந்த வண்டியில் அமைதி என்றால் அப்படி ஒரு அமைதி.

"அன்னிக்கு ஒயரப் பத்தி ஏன் சொன்ன?" என்று கேட்டாள் வெர்னா.

மெர்ட்டன் திரும்பவில்லை. "தெரியல. ஒயர் அப்படித் தொங்குறதப் பாத்துட்டு சும்மா இருக்க முடியல. நீயா இருந்தா சொல்லியிருக்க மாட்டியா?"

வெர்னா யோசித்தாள். பொய் சொல்லத் தெரியாத பொம்பளை.

"மாட்டேன்."

"தெரியும்" என்றான் மெர்ட்டன்.

வண்டி எங்கள் ஊரைத் தாண்டி, பிராக்கெட் போகிற கிளைச்சாலை வரைக்கும் வந்துவிட்டது. வெர்னா தொண்டையைக் கனைத்துக்கொண்டாள்.

"ஏழு மணிக்கு அப்புறமா சொல்லியிருப்பேன்."

மெர்ட்டன் சிரித்த சிரிப்பில், எங்கள் ஊருக்குத் திரும்ப வேண்டிய இடத்தைத் தவறவிட்டான். வெர்னா அவனைத் திட்டவில்லை.